விரல் எடுக்காத சிக்னல்

மூன்று மாதமாக அந்த ரேடியோ கிளப்பை ஒருத்தன் படுத்திக்கொண்டிருந்தான். பேசமாட்டான். பாட்டுப் போடமாட்டான். கெட்ட வார்த்தைகூடச் சொல்லமாட்டான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வயர்லெஸ்ஸில் கூடும் நேரமாகப் பார்த்து வாக்கிடாக்கியின் பட்டனை அழுத்திப் பிடிப்பான். அவ்வளவுதான். அவன் அழுத்தியிருக்கும்வரை வேறு யார் பேசினாலும் எடுபடாது. பிறகு விட்டுவிடுவான். கிளப் தலைவர் கோதண்டம் அவனுக்கு ஊமை என்று பேர் வைத்தார்.

ஊமை வனமாமலைதான். அது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

நாங்குநேரிப் பக்கத்து ஆள். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்தான். ஒருநாள் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டான். ஏன் என்று சூப்பர்வைசர் போனில் கேட்டபோது இணைப்பைத் துண்டித்தான். இப்போது படப்பையில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையில் வேலை. வேலையை விட்டபின் ராத்திரி தூக்கம் வரவில்லை, பகலில் விழிப்பும் சரியில்லை. சும்மா கிடக்கப் பிடிக்காமல் அமெச்சூர் ரேடியோ பரீட்சைக்குப் படித்தான். பாஸானான். சர்க்கார் அவனுக்கு ஒரு கால்சைன் கொடுத்தது. உலகத்தில் வேறு எவனுக்கும் இல்லாத எழுத்துகள். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளப்பில் சேர்ந்த முதல் ஞாயிறு, எல்லாரும் வரிசையாகத் தங்கள் கால்சைனைச் சொல்லி வந்ததைத் தெரிவித்தார்கள். இவனும் பட்டனை அழுத்திச் சொன்னான். அதே சமயம் வேறு யாரோ அழுத்திவிட்டார்கள். ரெண்டு குரலும் மோதி ஒரு கீச்சல்தான் கேட்டது. கூட்டத்தை நடத்துகிற ஷெர்லின், "ரெண்டு பேர் மோதிட்டீங்க, ஒவ்வொருத்தரா மறுபடி வாங்க" என்றாள். மற்றவர் வந்தார். வனமாமலை வரவில்லை. அடுத்த வாரம் பட்டனை அழுத்தினான், வாயைத் திறக்கவில்லை. விரலை எடுத்ததும் ரிப்பீட்டர் ஒரு 'பீப்' போட்டது. ரிப்பீட்டர் என்பது கோதண்டத்தின் மாடியில் உயரக் கம்பத்தோடு இருக்கிற பெட்டி. கையடக்க செட்டுகளின் மெலிந்த சிக்னலை வாங்கி, பலமாக்கி, வட்டாரம் முழுக்க அனுப்பும். யார் விரலை எடுத்தாலும் பீப் போடும். அது அதன் வேலை. ஆனாலும் அன்றைக்கு அது அவனுக்குப் போட்ட பீப்.

அப்புறம் பழகிவிட்டது. கூட்டம் திகைத்து நிற்பதும், ஷெர்லின் தடுமாறுவதும், கோதண்டம் பல்லைக் கடிப்பதும் அவனுக்குப் பிடித்திருந்தது. இதைக் கௌரவமாகச் சொல்ல வழி இல்லை. பிடித்திருந்தது.

ஐப்பசி பிறந்து வந்த ஒரு ஞாயிறு காலை கிளப்பில் வெள்ள ஒத்திகை வைத்தார்கள். பெருமழையில் செல்போன் டவர்கள் படுத்துவிட்டால் ஏரிகளின் தண்ணீர் மட்டத்தை வயர்லெஸ்ஸில் எப்படிச் சொல்வது என்பதுதான் ஒத்திகை. ஐந்து ஏரிகளுக்கு ஐந்து பேர் போயிருந்தார்கள். கோதண்டத்தின் மொட்டைமாடிதான் தலைமையகம். கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் வேன் விடுகிறவர் கோதண்டம். மூன்று மாடி வீடு. தாசில்தார் ஆபீஸிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்ததால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. தகரக் கொட்டகைக்குக் கீழே மேசை, மேசைமேல் செட்டு, அதன் முன்னால் ஷெர்லின். அவள் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். எதையும் சொல்லி முடித்தபின் ஒருமுறை திருப்பிச் சொல்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது.

வனமாமலைக்கு ஏரி எதுவும் கொடுக்கவில்லை. அவனிடம் வண்டி இல்லை. மாடியில் எடுபிடியாக இரு என்றார்கள். அவனுடைய சின்ன செட்டு தோள்பையில், அணைத்தபடி, துண்டுக்குக் கீழே கிடந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துதான் வந்திருந்தான். காரணம் சுவரோரம் சாய்ந்திருந்தது: பிவிசி பைப்பில் இரும்பு அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டிய ஆன்டெனா. சிக்னல் வரும் பக்கமாக அதை நீட்டினால் சத்தம் கூடும், விலக்கினால் குறையும். ஊமையைப் பிடிக்கவென்று ஷெர்லின் செய்தது.

"இன்னிக்கு வந்தான்னா புடிச்சிடலாம் சார்" என்றாள்.

"வாணாம்மா. தாசில்தார் ஆபீஸ் ஆளு வருது. அவுரு எதிர்ல போய் அவங்கூட மல்லுக்கட்டினு இருக்க சொல்றியா? வந்தா ரெண்டாவது சேனலுக்குப் போயிடு. கண்டுக்கவே கண்டுக்காத. நாம துரத்தணும்னுதான் அவன் பண்றான்."

ரேடியோக்காரர்களிடம் எழுதாத சட்டம் அது. தொல்லை கொடுப்பவனுக்குப் பதில் சொல்லக்கூடாது. திட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது, யார் என்றுகூடக் கேட்கக்கூடாது. கவனம்தான் அவனுக்குத் தீனி.

முதல் சுற்றில் ஐந்து பேரும் வந்தார்கள். வெள்ளேரிக்குப் போயிருந்தவன் அருள்பாண்டி. தூத்துக்குடிப் பக்கம், ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கிளப்பில் வனமாமலையை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"அக்கா, இங்க மழை நல்லா பெய்யுது. கலங்கல் பக்கமா எறங்கி அளந்துட்டு வந்து சொல்லுதேன். அண்ணாச்சி அங்க இருக்காவளா? மீனு கெடச்சா கொண்டாரேன், கொழம்பு வையிங்கன்னு சொல்லுங்க."

"ஒத்திகைல மீன் கணக்கு வராது அருள்பாண்டி. தண்ணி மட்டும் சொல்லுங்க. தண்ணி மட்டும்."

பீப்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அது வந்தது. மேசைமேல் இருந்த செட்டின் விளக்கு எரிந்தது. குரல் இல்லை. லேசாக ஏதோ உரசியது, அப்புறம் ஒன்றுமில்லை. ஷெர்லின் காத்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"வந்துட்டான் சார் ஊமை."

வனமாமலையின் கை தன்னால் பைக்குப் போனது. செட்டு அணைந்துதான் இருந்தது.

"நான் சொன்னேன்ல? சேனல மாத்து" என்றார் கோதண்டம்.

ஷெர்லின் மாற்றினாள். ஊமை வந்தால் ரெண்டாவது சேனல் என்று காலையிலேயே எல்லாருக்கும் சொல்லியிருந்தது. மூன்று பேர் அங்கே வந்து சேர்ந்தார்கள். மணிமங்கலம் ஏரிக்குப் போனவரும் அருள்பாண்டியும் வரவில்லை. முதல் சேனலைக் கேட்க இன்னொரு செட்டை ஓரமாக வைத்திருந்தார்கள். அதில் விளக்கு அணையவில்லை. மூன்று நிமிஷத்துக்கு மேல் யாராவது விடாமல் அழுத்தினால் ரிப்பீட்டர் தானே வாயை மூடிக்கொள்ளும். அழுத்தியவன் விரலை எடுத்தால்தான் மறுபடி திறக்கும். மூடிக்கொண்டது.

கோதண்டத்தின் மனைவி கங்கா தட்டில் டீ கொண்டுவந்து வைத்தாள். ஷெர்லின் ஒரு கப்பை எடுத்து வாயருகே கொண்டுபோய், வனமாமலையைப் பார்த்து நிறுத்தினாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"இவ்ளோ நாளா எனக்கு உங்க மேலதான் டவுட்டு. நீங்க கால்சைன் சொல்லவே மாட்டீங்க, ஆனா கூட்டத்துல என்ன பேசினோம்னு எல்லாம் தெரியும். சார்கிட்டகூடச் சொன்னேன். இப்ப நீங்க இங்க நிக்கிறீங்க, அவன் அங்க அமுக்கினு இருக்கான். சாரிண்ணே. நெஜமாவே சாரி."

"பரவால்ல" என்றான்.

உடம்பில் ஏதோ இறங்கியது. மூன்று மாதத்துக் கட்டு ஒன்று அவிழ்ந்த மாதிரி. எவனோ ஒருத்தன், யாரென்றே தெரியாதவன், வனமாமலை செய்ததையெல்லாம் தன் தலையில் வாங்கிக்கொண்டுவிட்டான். இனிமேல் யாரும் கேட்கமாட்டார்கள். அவன் டீயைக் குடித்தான். நல்ல டீ.

கப்பைக் கீழே வைக்கும்போதுதான் அது உறைத்தது. ரிப்பீட்டர் மூடிக்கொண்டது. அவன் ஒருநாளும் அதை மூட விட்டதில்லை. மூடினால் பீப் கிடையாது. பீப்புக்காகத்தானே எல்லாம். எவ்வளவு நேரம் பிடித்தாலும் மூடுவதற்கு முன்னால் விட்டுவிடுவான். இதை அழுத்துகிறவனுக்குப் பீப் வேண்டாம். அல்லது, அழுத்துவது விரலே இல்லை.

அளவு டேப் ஆன்டெனாவை எடுத்து ஓரத்துச் செட்டில் மாட்டினான். ரிப்பீட்டர் மூடியிருந்தாலும், அது காது வைத்துக் கேட்கிற அலைக்கே செட்டைத் திருப்பினால், அழுத்துகிறவனின் நேரடிச் சிக்னலைப் பிடிக்கலாம். சுற்றிலும் நீட்டிப் பார்த்தான். தென்மேற்கில் சத்தம் எழுந்தது.

"எந்தப் பக்கம்ணே?" என்றாள் ஷெர்லின். அவன் காட்டினான். "அப்ப ஹாஸ்டல்தான். நெனச்சேன்."

அந்தத் திசையில் முதலில் கம்பெனிப் பையன்கள் தங்கும் ஹாஸ்டல்கள். அதே கோட்டில் இன்னும் தள்ளிப் போனால் வெள்ளேரி.

"அருள்பாண்டி இன்னும் வரலியே" என்றான்.

"மணிமங்கலமும்தான் வரல."

அப்போதே மணிமங்கலத்து ஆள் போனில் வந்துவிட்டார். மழைக்கு டீக்கடையில் ஒதுங்கினாராம், சேனல் மாற்றியதை மறந்துவிட்டாராம்.

"பாத்தியா?" என்றார் கோதண்டம். "அவன் டீக்கடை. இவன் மீன் புட்சினு இருப்பான். எல்லாம் ஒத்திகைக்கு வந்த லட்சணம்."

ஷெர்லின் அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. "மழைன்னு வண்டி பாக்ஸ்ல போட்டிருப்பாரு" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

"நான் போய்ப் பாத்துட்டு வரட்டா?" என்றான் வனமாமலை.

"எதுல போவ? உன்னாண்ட வண்டி கீதா? நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள பொங்கல் வந்துரும். நில்லு இங்க. சாரு வர்ற நேரம்."

"ஒரு வேனை அனுப்பினா..."

"எதுக்கு? அந்த ஊமைய தேடவா? அவன் கேமே அதான்யா. வுடு. பேட்டரி தீந்தா தானா அடங்குவான்."

வனமாமலை பேட்டரிக் கடைக்காரன். அந்தச் சின்ன செட்டு விடாமல் அலையை அனுப்பிக்கொண்டிருந்தால் எவ்வளவு தாங்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதிகம் தாங்காது. அது அடங்கிவிட்டால் நீட்டிப் பார்க்கத் திசையும் இருக்காது.

அவன் நின்றான். சொல்லவில்லை. ஷெர்லின் ஒரு ஏரியின் அளவைக் கேட்டு வாங்கினாள், ஒரு வாய் குடித்தாள். இன்னொரு ஏரி, இன்னொரு வாய். டீ ஆறி ஆடை படிந்தது. ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு மீதியையும் குடித்தாள். அவ்வளவு நேரமும் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்: வேற எவனாவது இருக்கும். ஊர்ல ஒரு ஊமைதானா. அருள்பாண்டி மீன் பிடிக்கிறான். இதில் எதையும் அவன் நம்பவில்லை. ஆனால் சொல்லிக்கொள்ள முடிந்தது.

ஷெர்லின் காலிக் கப்பை நசுக்கினாள்.

"அது ஊமை இல்ல" என்றான்.

"உனுக்கு எப்டித் தெரியும்?" கோதண்டம் திரும்பாமலே கேட்டார்.

"ஊமை நாந்தான்."

கோதண்டம் சிரித்தார். "காலைல இன்னாபா சாப்ட்ட?"

வனமாமலை பையைத் திறந்து துண்டை விலக்கிச் செட்டை எடுத்தான். ரெண்டாவது சேனலுக்குத் திருப்பி அழுத்தினான். அளவு சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதியில் அறுந்தது. அதே கனத்த வெறுமை. விட்டான். குரல் திரும்ப வந்து, "கேக்குதா, கேக்குதா?" என்றது.

கோதண்டம் திரும்பினார்.

"நான் விட்டுருவேன்" என்றான். அவசரத்தில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. "எம்புட்டு நேரம் அமுக்குனாலும் பெட்டி மூடுததுக்கு முந்தி விட்டுருவேன். பீப் கேக்கணும்லா. மூணு மாசத்துல ஒருதடவயாவது மூடிருக்கா? சொல்லுங்க. இது விடல. இது விரலே இல்ல. அவன் செட்டு மேல விழுந்து கெடக்கான்."

கோதண்டம் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பொத்தான் தெறித்தது.

ஷெர்லின் வனமாமலையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தாள். "மூடல சார்" என்றாள். "ஒருதடவகூட மூடல."

"மொதல்ல அந்தப் புள்ளையப் போய்ப் பாருங்க" என்றாள் கங்கா. "இவன வந்து அடிங்க."

வேனில் கோதண்டம் ஓட்டினார். ஷெர்லின் ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வனமாமலை பின்னால் ஏறிக்கொண்டான். ஏறு என்றும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிஃப்ட் பஸ்கள் வழியை அடைத்து நின்றன. கோதண்டம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஹாஸ்டல்கள் வந்தன, கொடிகளில் நனைந்துகொண்டிருந்த சட்டைகளோடு பின்னால் போயின. சத்தம் பின்னால் போகவில்லை. முன்னாலேயே, இன்னும் பலமாக இருந்தது.

"நேரா" என்றாள் ஷெர்லின். "நேரா சார்."

வெள்ளேரிக் கரையில் அருள்பாண்டியின் பைக் நின்றது. பாக்ஸுக்குள் போன் அடித்தது, ஷெர்லின்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆளைக் காணோம். கரை நெடுக இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். கத்திக் கூப்பிட்டார்கள். மழைதான் கேட்டது.

இவ்வளவு கிட்டத்தில் ஆன்டெனா எந்தப் பக்கம் நீட்டினாலும் சத்தம் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஷெர்லின் அதைக் கழற்றித் தரையில் போட்டாள். வெறும் செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினாள். சிக்னலுக்கு முதுகைக் காட்டும்போது உடம்பு அதை மறைக்கும், சத்தம் விழும். அப்போது அவன் இருப்பது முதுகுக்குப் பின்னால். பாதிச் சுற்றில் சத்தம் தேய்ந்தது. இன்னும் கொஞ்சம் சுற்றினாள். திரும்ப எழவில்லை. கரகரத்தது, விட்டு விட்டு வந்தது, நின்றது.

பேட்டரி.

ஷெர்லின், சத்தம் முதலில் தேய்ந்த இடத்துக்கே திரும்பி நின்று, கையைப் பின்பக்கமாக நீட்டினாள். அந்தக் கை கலங்கலைக் காட்டியது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்துபோகிற கல்கட்டு. வனமாமலை ஓடினான்.

பாசி படிந்த விளிம்பில் சறுக்கின தடம் இருந்தது. கீழே, கட்டுக்கு அந்தப் பக்கம், வடிகால் வாய்க்காலின் பாறைகளுக்கு நடுவே அருள்பாண்டி குப்புறக் கிடந்தான். ரெயின்கோட்டுக்குள், விலா எலும்புக்கு அடியில் செட்டு. இடுப்புக்குக் கீழே உடம்பு வேறு யாருடையதோபோலத் திரும்பியிருந்தது. காட்டிலிருந்து வடிகிற மழைத்தண்ணீர் வாய்க்காலில் ஏறிக்கொண்டிருந்தது, காதுவரை வந்துவிட்டது. முகத்தை ஒரு பக்கமாகத் தூக்கி, மூக்கை மட்டும் வெளியே வைத்திருந்தான். கண் திறந்திருந்தது. வனமாமலை இறங்கி அவன் தலையைக் கையில் தாங்கியபோது கழுத்து அப்படியே தளர்ந்தது, இவ்வளவு நேரம் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது போதும் என்கிற மாதிரி.

அவன் சாகவில்லை. இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது, நுரையீரலில் சேற்றுத் தண்ணீர். அரசு ஆஸ்பத்திரியில் ரெண்டு தடவை ஆபரேஷன் செய்தார்கள். நடப்பான் என்றார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவானா என்று கேட்டதற்கு, முதலில் நடக்கட்டும் என்றார்கள்.

கோதண்டம் பேட்டரிக் கடைக்கு ஒருநாள் வந்தார். அடிக்கவில்லை. வாசலிலேயே நின்று பேசினார்.

"வயர்லெஸ் ஆபீசுக்கு எழுதிப் போட்டா உன் லைசென்ஸ் காலி. எழுதல. நல்லவன்னு நெனச்சுக்காத. எழுதினா கிளப்பு பேருதான் நாறும். நீ கிளப்பாண்ட வராத. அவ்ளோதான்."

"சரி."

"இன்னா சரி? மூணு மாசம்யா." வேனில் ஏறிப் போனார்.

வனமாமலை ஒரே ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனான். அருள்பாண்டிக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள். அவன் கூரை விசிறியைப் பார்த்தபடியே பேசினான்.

"நீரு சொல்லலன்னா முங்கிருப்பேன்னு ஷெர்லின் அக்கா சொன்னா" என்றான். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. "ஒண்ணு கேக்கேன். தெரிஞ்ச பொறவு எம்புட்டு நேரம் சும்மா இருந்தீரு?"

பொய் சொல்லியிருக்கலாம். "அவ ஒரு டீ குடிச்சு முடிக்க வரைக்கும்."

"சூடாவா, ஆறியா?"

"ஆறி."

அருள்பாண்டி சிரிக்கப் பார்த்தான். விலா வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வனமாமலை வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்தான்.

அடுத்த ஞாயிறு அறையில் செட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான். ஷெர்லின் கூட்டத்தைத் தொடங்கினாள். ஒவ்வொருத்தராகக் கால்சைன் சொன்னார்கள், அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். அருள்பாண்டியின் முறை வருகிற இடத்தில் அவன் இன்னும் படுக்கையில் இருப்பதாகச் சொன்னாள், இருப்பதாகத் திரும்பவும் சொன்னாள். கடைசியில் எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"வேற யாராவது இருக்கீங்களா?"

அவன் பட்டனை அழுத்தினான். தன் கால்சைனை எழுத்தெழுத்தாகச் சொன்னான். பேர் வனமாமலை என்றான். படப்பை என்றான். விரலை எடுத்தான்.

பீப்.

இந்தத் தடவை யாரும் மோதவில்லை. ஒரு எழுத்துகூடச் சிதையாமல் போயிருக்கிறது. நாற்பது செட்டுகளில் கேட்டிருக்கும். அவன் காத்திருந்தான். கோதண்டத்தின் மாடியில் மைக் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பதும், கோதண்டம் அவள் முகத்தைப் பார்ப்பதும் அவனுக்குத் தெரிந்தது. வழக்கமாக விடுவதைவிட இடைவெளி நீண்டது.

"வேற யாரும் இல்ல" என்றாள் ஷெர்லின். "கூட்டத்த முடிச்சுக்கறோம்."

அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

அவன் செட்டை அணைத்தான். அடுத்த ஞாயிற்றுக்காக அதைச் சார்ஜில் போட்டான்.